வலையில் வந்த பேராமையின் துடுப்பில் ஒரு உலோகக் கிளிப். யாரிடம் சொல்வது?

வல்லம்மகன்:

எல்லாருக்கும் வணக்கம். தொண்டிக்குத் தெற்கே எங்க ஊரு. அப்பாவும் நானும் ஒரு வல்லம் வச்சுத் தொழில் பார்க்கிறோம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூணு பாகம் (ஒரு பாகம் ஆறடி) தண்ணியில திருக்கை வலை விட்டோம். விடியக்காலையில போய் இழுத்தா வலை அசையவே மாட்டேங்குது. கல்லுல கொளுவிருச்சுன்னு நான் நினைச்சேன். அப்பா கயித்துல கைய வச்சுப் பார்த்துட்டு, "உசுரு இருக்கு, மெல்ல இழு"ன்னார்.

பேராமை. வலை கழுத்துலயும் ஒரு முன்துடுப்புலயும் சுத்திக் கிடந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள தூக்கிப் போட்டோம். கொஞ்ச நேரம் அசைவே இல்ல. அப்பா ஒண்ணும் பேசாம கத்தியை எடுத்து வலையை அறுத்தார், ஒரு பாகத்துக்கு மேல போச்சு. அப்புறம் திடீர்னு தலையத் தூக்கி ஒரு பெரிய மூச்சு விட்டுச்சு. "இப்பத்தான் விழுந்திருக்கு, இல்லன்னா செத்திருக்கும்"னார்.

அப்பதான் பார்த்தேன். வலது முன்துடுப்போட பின் ஓரத்துல, உடம்புக்குப் பக்கத்துல, சாம்பல் நிறத்துல ஒரு உலோகக் கிளிப். என் பெருவிரல் நீளம்கூட இருக்காது. அதுமேல சிப்பி மாதிரி கொட்டலசு ஒட்டியிருந்துச்சு. நகத்தால சுரண்டிட்டு ஈரக் கையோட போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, அதுக்குப் பின்னால நாலு எண். கடைசி எண் 3-ஆ 8-ஆன்னு போட்டோவுல தெரியல. ஆமையை அப்பவே கடல்ல விட்டாச்சு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அது ஜிபிஎஸ் மாதிரி ஏதாவதா? நாங்க அதைத் தூக்குனது யாருக்காவது தெரிஞ்சிருக்குமா? ஆமை வலையில விழுந்துச்சுன்னு சொல்லப் போனா கேஸ் வருமா? இன்னொரு தடவை வந்தா கிளிப்பைக் கழட்டி எடுத்துட்டு வந்து கொடுக்கணுமா?

வீட்டுல அம்மா, "விட்டாச்சுல்ல, பேசாம இரு"ங்கிறாங்க. அப்பா விடல. "எவரோ ஒருத்தர் இதே ஆமையக் கையில பிடிச்சு மாட்டியிருக்கார். அது இன்னும் இருக்குன்னு அவருக்குச் சொல்ல வேண்டாமா?"ன்னு மூணு நாளா கேட்டுக்கிட்டே இருக்கார். அதனாலதான் இங்க எழுதறேன்.

முத்துநகர் தாத்தா:

எய்யா, பயப்படாத. கடலாமை எல்லாம் வன உயிரினச் சட்டத்தில அட்டவணை 1-ல இருக்கு, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. பிடிச்சு வைக்கிறது, விக்கிறது, திங்கிறது, இதுக்குத்தான் சிறை. தானா வலையில விழுந்ததை வலைய அறுத்து உயிரோட விட்டிருக்கீங்க. வனத்துறைக்காரங்க கேட்டா சந்தோசம்தான் படுவாங்க. போய் தைரியமா சொல்லு.

எனக்கு இப்போ எழுபத்தாறு நடக்கு. நான் பையனா இருந்த காலத்தில தூத்துக்குடியில பேராமைய மல்லாத்திப் போட்டு, துடுப்பைச் சேர்த்துக் கட்டி வச்சிருப்பாங்க. மூல வியாதிக்கு நல்லதுன்னு ரத்தத்தைச் சூடா பிடிச்சுக் குடிக்க வரிசையில நிப்பாங்க. எங்க அப்பாவும் என்னைக் கூட்டிட்டுப் போனார். ஒரு தம்ளர் குடிச்சிருக்கேன். அந்த ஆமையோட கண்ணுல தண்ணி வடிஞ்சுது. அது உப்பை வெளியேத்துற சுரப்பின்னு பின்னால படிச்சேன். படிச்ச பிறகும் எனக்கு அது அழுததாத்தான் மனசுல நிக்கு. எழுபதுகள்ல சட்டம் வந்த பிறகு அந்தக் கூட்டம் மெல்ல மெல்லக் குறைஞ்சுது.

உங்க அப்பா கத்திய எடுத்து வலைய அறுத்தார்னு வாசிச்சப்போ நெஞ்சு நிறைஞ்சுட்டு. வேற ஒண்ணும் இல்ல.

கடல்நாச்சி:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் மலேசியா, சுங்கை பட்டாணிக்காரி. திரெங்கானு மாநிலத்துக் கரைக்கு அப்பால் ஒரு தீவில், பேராமைகள் முட்டையிட ஏறும் மணலில் மூன்று பருவம் இரவு வேலை பார்த்திருக்கிறேன். பேராமையைப் பச்சை ஆமை என்றும் சொல்வார்கள், மலாய் மொழியில் பென்யு ஆகார் என்பார்கள். நீங்கள் பார்த்த மாதிரி டேக்கை என் கையாலேயே நிறைய மாட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜிபிஎஸ் இல்லை. அதில் பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. வெறும் உலோகம். நீங்கள் தூக்கியது யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

மாட்டின் காதில் எண் போட்டு ஒரு தோடு மாட்டுவார்களே, அதன் தம்பிதான் இது. 1955-இல் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் கோஸ்டாரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையில் பேராமைகளுக்கு அடையாளம் போடத் தொடங்கினார். முதலில் ஓட்டின் பின்விளிம்பில் துளை போட்டு, கம்பியால் ஒரு தகட்டைக் கட்டிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. இணை சேரும்போது ஆண் ஆமை மேலே ஏறி ஓட்டைப் பற்றிக்கொள்ளும், அதில் தகடு பிய்ந்துபோனது. பிறகுதான் மாட்டுத் தோட்டை எடுத்து முன்துடுப்பில் மாட்டினார்கள். அது நின்றது. எங்கள் பக்கம் சரவாக்கில் டாம் ஹாரிசன் என்பவரும் அதே ஐம்பதுகளில் இதைச் செய்தார். ஒரே பருவத்தில் ஒரே பேராமை பல முறை கரையேறுகிறது, பிறகு சில ஆண்டுகள் வருவதேயில்லை என்பதெல்லாம் இந்த எண்களை வைத்துக் கண்டுகொண்டவை.

டோர்டுகேரோ டேக்கில் ஒரு பக்கம் எண், மறுபக்கம் அனுப்ப வேண்டிய முகவரி. அனுப்பியவருக்கு ஒரு சிறு தொகை பரிசு. அங்கே முட்டையிட்ட ஆமைகள் எங்கே போய் மேய்கின்றன என்று ஆய்வாளர்களுக்குத் தெரியாது. பதில் நிகரகுவாவிலிருந்து வந்தது. அங்கே மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மீனவர்கள் ஆமை பிடிப்பார்கள். அவர்கள் கைக்குக் கிடைத்த டேக்குகள் ஒவ்வொன்றாகத் தபாலில் வந்து சேரச் சேரத்தான், மிஸ்கிட்டோ கரையின் கடல்புல் வெளிதான் அந்த ஆமைகளின் மேய்ச்சல் நிலம் என்று தெரிந்தது. உங்கள் அப்பா கேட்ட கேள்வியை வாசித்தபோது எனக்கு அந்த மீனவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

எப்படி மாட்டுவோம் என்று சொல்கிறேன், நீங்கள் பார்த்ததைப் புரிந்துகொள்ள உதவும். முட்டையிட்டு முடித்து, பின்துடுப்பால் மணல் தள்ளி மூடத் தொடங்கும்வரை அருகில் போக மாட்டோம். சிவப்பு விளக்கு மட்டும். ஓட்டின் வளைவோடு நாடா வைத்து நீளம் அளப்போம். பிறகு இடுக்கி. ஒரே அழுத்து. டேக்கின் கூர்முனை தோலைத் துளைத்து, டேக்கின் மறுபக்கத்தில் உள்ள துளை வழியாக வெளியே வந்து மடிய வேண்டும். மடிந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். மடியாவிட்டால் சில நாளில் கழன்றுவிடும். துடுப்பு விளிம்புக்கும் டேக்குக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவோம். இறுக்கமாகப் போட்டால் சதையை அறுக்கும், மிகத் தளர்வாக விட்டால் உங்களைப் போன்றவர்களின் வலைக்கண்ணி அதில் மாட்டும். முன்பு மோனல் என்ற உலோகத்தில் செய்தார்கள், அது உப்புநீரில் அரித்துப்போனது. இப்போது இன்கோனல் என்ற நிக்கல் கலவையும் டைட்டானியமும்தான்.

இவ்வளவு செய்தும் டேக் விழும். அதனால் இரண்டு துடுப்பிலும் போடுவது வழக்கம். இடது துடுப்பைப் பார்த்தீர்களா, தம்பி?

உங்கள் 3-ஆ 8-ஆ என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் பருவத்தில், நான்காவது ஆமையோ ஐந்தாவதோ, மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில், மணல் ஒட்டிய தாளில், 3 என்பதை 8 என்று எழுதிவிட்டேன். பதினோரு இரவு கழித்து அதே ஆமை ஏறியது. எண்ணைப் படித்தோம், நோட்டில் அந்த எண் இல்லை. வேறு கடற்கரையில் மாட்டிய ஆமை என்று குறித்துவிட்டோம். பருவம் முடிந்து நோட்டுகளைச் சரிபார்க்கும்போது இடது டேக்கின் எண் பொருந்தியதைப் பார்த்துத்தான் என் பிழை தெரிந்தது. இடது டேக் விழுந்திருந்தால் ஒரு ஆமை காகிதத்தில் இரண்டு ஆமையாகவே இருந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். அதற்குப் பிறகு ஒருவர் ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்ல, பிறகு போட்டோ என்று மாற்றினோம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒடிசாவில் 2021-இல் 03233 என்ற எண் மாட்டிய ஒரு பங்குனி ஆமை (அது வேறு வகைக் கடலாமை), 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட ஏறியது. கிழக்குக் கரை ஆமை மேற்குக் கரையில்! அந்த எண்ணில் மூன்று இடத்தில் 3 இருக்கிறது. அன்றிரவு குஹாகரில் யாராவது ஒன்றை 8 என்று எழுதியிருந்தால் இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்காது. ஆகவே உங்கள் போட்டோவை அழிக்காதீர்கள். மங்கலாக இருந்தாலும் சரி. "3 அல்லது 8" என்றே சொல்லுங்கள், ஊகித்து ஒன்றைச் சொல்லாதீர்கள். இரண்டு எண்ணையும் அவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

நீங்கள் நினைத்த ஜிபிஎஸ் மாதிரியான கருவியும் உண்டு. அது ஓட்டின் மேல் எப்பாக்ஸி பசையால் ஒட்டிய ஒரு பெட்டி, ஒரு சிறிய ஆண்டெனாவோடு இருக்கும், கண்ணில் படாமல் போகாது. ஆமை மூச்சுவிட மேலே வரும்போது கருவி தண்ணீரிலிருந்து வெளிவந்ததை உணர்ந்து, ஆர்கோஸ் என்ற அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அந்த அலைவரிசையில் ஏற்படும் மாற்றத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். ஆமை சில விநாடிதான் மேலே இருக்கும் என்பதால் சில சமயம் இடம் பல கிலோமீட்டர் தள்ளியும் காட்டும். பசை இறுகும்போது சூடாகும், அதனால் ஆமைக்குச் சுடாதபடி மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். சில மாதமோ ஓராண்டுக்கு மேலோ வேலை செய்யும், பிறகு கழன்றுவிடும். ஒன்றின் விலை லட்சக்கணக்கில். ஆகவே ஐந்து ஆமைக்கோ பத்து ஆமைக்கோதான் போட முடியும். இன்னொரு வகை, அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் ஒரு சிப்பைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவது. அதை வாசிக்கத் தனிக் கருவியைச் சில சென்டிமீட்டர் அருகில் பிடிக்க வேண்டும், உங்கள் வல்லத்தில் அது தெரியப்போவதில்லை. கண்ணால் வாசிக்கக்கூடியது அந்தக் கிளிப் ஒன்றுதான்.

கழற்றாதீர்கள். உயிருள்ள ஆமையிலிருந்து ஒருபோதும் கழற்றக் கூடாது. அடுத்த முறை டேக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். நாடா இல்லாவிட்டால் கயிறு போதும். ஓட்டின் முன்விளிம்பு நடுவிலிருந்து பின்முனைவரை வளைவோடு வைத்து இரண்டு முடிச்சு போடுங்கள், வீட்டில் வந்து அளக்கலாம். வாலையும் பாருங்கள். ஓட்டைத் தாண்டி நீளமாக வந்தால் வளர்ந்த ஆண்.

இன்னொன்று முக்கியம். அசையாத ஆமை செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளிவிடக் கூடாது. மூழ்கி மயங்கியிருக்கலாம், அப்படியே போட்டால் அடியில் போய் செத்துவிடும். மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படியே வைத்து, பின்பக்கத்தை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக உயர்த்தி, நிழலில் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். மூக்கை மூடிவிடாதீர்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிய மணிக்கணக்கில்கூட ஆகும்.

ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் வனத்துறை அலுவலகம் இருக்கிறது, அங்கே எண்ணைக் கொடுங்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆர்ச்சி கார் பெயரில் உள்ள ஆமை ஆய்வு மையம் எந்த எழுத்தில் தொடங்கும் டேக் எந்த நாட்டுக் குழுவுடையது என்ற பட்டியலைப் பராமரிக்கிறது. எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் அங்கே நான் எழுதுகிறேன்.

மன்னார்த்தீவான்:

கடல்நாச்சி அக்கா எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. நான் எங்கட கரையிலிருந்து ஒரு விசயம் மட்டும் சேர்க்கிறன்.

இலங்கையின்ர தெற்கில, தங்காலைக்குக் கிட்ட ரெகாவ எண்டொரு கடற்கரை. பேராமை அதிகமா முட்டையிடுற இடம். 2006, 2007-இல அங்க பத்துப் பெண் பேராமைக்குச் செயற்கைக்கோள் கருவி பூட்டினவை. எல்லாம் ஒரே கடற்கரையில முட்டையிட்டது, ஆனா ஒரே மாதிரி நடக்கேல்ல. அதுகளில மூண்டு ஆமை 60 கிலோமீட்டருக்குள்ளேயே இருந்திட்டுது. முட்டையிடாத நாளிலயும் அங்க, பருவம் முடிஞ்ச பிறகும் அங்கதான். ஐந்து ஆமை 350 கிலோமீட்டருக்கு அப்பால ஆழமில்லாத கரைக்கடலுக்குப் போய்த் தங்கினது. இன்னொண்டு தூரத்துப் பவளத்தீவுக்குப் போய், அங்கயிருந்து ஆழ்கடலுக்க போறதும் வாறதுமா 42 நாள் திரிஞ்சுது, பிறகு சமிக்ஞை நிண்டுட்டுது.

வரைபடத்தில அளந்து பார்த்தன். ரெகாவயிலயிருந்து தொண்டி நேர்கோட்டில ஏறக்குறைய 450 கிலோமீட்டர். உங்கட ஆமை அங்கயிருந்துதான் வந்தது எண்டு நான் சொல்லேல்ல, எழுத்தைப் பார்க்காமல் ஒருத்தரும் சொல்லேலாது. ஆனா பாக்கு நீரிணையில கடல்தாழை, அதாவது கடல்புல், மேயிற பேராமை முட்டையிடுறது எங்கட பக்கமாயும் இருக்கலாம் எண்டதை நினைச்சுக்கொள்ளுங்கோ. எல்லையில எங்கட ஆக்களுக்கும் உங்கட ஆக்களுக்கும் எவ்வளவு மனஸ்தாபம் எண்டு தெரியும்தானே. எங்கட சனம் காப்பாத்தின முட்டையில இருந்து வந்தது உங்கட அப்பாவின்ர கையில உயிர் பிழைச்சிருந்தா, எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை.

வல்லம்மகன்:

எல்லாருக்கும் நன்றி. கடல்நாச்சி அக்கா எழுதினதை அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். மிஸ்கிட்டோ மீனவங்க டேக்கைத் தபால்ல அனுப்பினாங்கங்கிற இடத்துல, "அவங்களும் வலைக்காரங்கதானே"ன்னார்.

இடது துடுப்பை நான் பார்க்கல அக்கா. அப்பா பார்த்திருக்கார், அதுல ஒண்ணும் இல்லன்னு உறுதியா சொல்றார். வால் சின்னதுதான், ஓட்டுக்கு வெளிய கொஞ்சம்தான் தெரிஞ்சுது. நீளம் அப்பா கையால ரெண்டு முழம். வீட்டுக்கு வந்து அவர் முழங்கையை டேப் வச்சு அளந்தோம், ரெண்டு முழம் 92 சென்டிமீட்டர் வருது.

நேத்து ராமநாதபுரம் போய் எழுதிக் கொடுத்துட்டோம். "3 அல்லது 8"ன்னே எழுதினேன். அங்க இருந்தவர் எங்கள உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, எந்த இடம், என்ன ஆழம், என்ன வலைன்னு கேட்டு எழுதிக்கிட்டார். கேஸ்ங்கிற பேச்சே இல்ல. போட்டோவைத் தனிச்செய்தியில அனுப்பியிருக்கேன் அக்கா.

எங்க கடல்ல பேராமை இப்ப முன்னைக்குக் கூடுதலா தெரியுதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. 2022-ல வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையில ஆவுளியாவுக்குன்னு (கடற்பசு) காப்பகம் அறிவிச்சாங்க. அது மேயுற கடல்தாழையத்தான் ஆமையும் திங்குது. பேராமையை இனிமே பாதுகாக்க வேண்டாம்னு ஒரு செய்தியும் சுத்துது, அது உண்மையா?

கடல்நாச்சி:

92 என்றால் முட்டையிடும் வயதுடைய பெண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, தம்பி. போட்டோ வந்தது, இன்றே எழுதிவிட்டேன்.

அந்தச் செய்தி பாதி உண்மை. 2025 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் பேராமையை அழியும் நிலையிலிருந்து மிகக் குறைந்த கவலை என்ற நிலைக்கு மாற்றியது. உலக அளவில் 1970-களிலிருந்து ஏறக்குறைய 28 விழுக்காடு கூடியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அது எல்லாக் கடல்களையும் சேர்த்த கணக்கு, ஒவ்வொரு கடலிலும் அப்படியே கூடியது என்று பொருள் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டமும் அதனால் மாறிவிடவில்லை. இந்தக் கணக்கே, மணலில் உட்கார்ந்து எண் வாசித்தவர்களும் முட்டைக்குழிகளை எண்ணியவர்களும் பல பத்தாண்டு எழுதி வைத்ததிலிருந்து வந்ததுதான்.

வல்லம்மகன்:

அக்கா, மூணு வாரம் கழிச்சு எழுதறேன். டேக் பற்றிப் பதில் இன்னும் வரல, காத்துக்கிட்டிருக்கோம்.

இன்னைக்குக் காலையில நண்டு வலையில இன்னொரு பேராமை. இது சின்னது. வலை சரியா சுத்தல, அறுக்காமயே எடுத்துட்டோம். இப்ப வல்லத்துல முடிச்சுப் போட ஒரு கயிறு தனியா வச்சிருக்கார் அப்பா, அதால அளந்தோம், 61 சென்டிமீட்டர். ரெண்டு துடுப்பையும் பார்த்தோம். டேக் இல்ல. ஆனா ஒரு துடுப்போட பின் ஓரத்துல, நீங்க சொன்ன அதே இடத்துல, தோல் கிழிஞ்சு ஆறின மாதிரி ஒரு பள்ளம் இருக்கு. இது டேக் இருந்து விழுந்த இடமா இருக்குமா?

கடல்நாச்சி:

இருக்கலாம், தம்பி. வலைக் கண்ணி அறுத்த தழும்பாகவும் இருக்கலாம். டேக் விழுந்த தழும்பு என்றால், முன்பு ஒருவர் கையில் இருந்த ஆமை என்பதற்கு அதுவும் ஒரு தடயம், நாங்கள் அதைத் தனிக் கட்டத்தில் எழுதுவோம். எந்தப் பக்கத் துடுப்பு? உடம்பிலிருந்து எத்தனையாவது செதில்?

வல்லம்மகன்:

இடது. முதல் பெரிய செதிலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல. நான் சொல்ல அப்பா திருப்பிச் சொன்னார், அப்புறம்தான் எழுதினேன். ரெண்டு போட்டோ அனுப்புறேன், இந்தத் தடவை கையைத் துடைச்சுட்டு எடுத்தது.